நான்கு வயதாகப் போகும் குதிரைக்கு வாரத்துக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்?

வெள்ளைப்பொட்டு எழுதியது:

வணக்கம். என்னிடம் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை இருக்கிறாள். இன்னும் சில வாரங்களில் நான்கு வயது முடிகிறது. மூன்றரை வயதில்தான் முதலில் ஆள் ஏறிப் பழக்கினோம். அதற்கு முன்பே கையில் பிடித்து நடப்பது, நீளக்கயிற்றில் சுற்றுவது, சேணத்தைச் சுமப்பது எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் ஏறியபோது அவள் துள்ளவும் இல்லை, பயப்படவும் இல்லை.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஏறுகிறேன். ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. நடை, நிறைய ட்ராட் (துள்ளுநடை), கடைசியில் கொஞ்சம் கேன்டர் (மெதுவான பாய்ச்சல்). பெரும்பாலும் ஒரே மணல் களத்தில்தான். அவள் எடை 430 கிலோ, நானும் சேணமும் சேர்ந்து 72 கிலோ. மூச்சு வாங்குவதே இல்லை. இன்னும் ஓடத் தயார் என்பது போலத்தான் நிற்பாள்.

ஆனால் சமீபமாகச் சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னால் மடக்குகிறாள். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறாள். இடப்பக்கம் வட்டம் போட்டால் கடிவாளத்தில் தொங்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். நொண்டவில்லை. கால்களில் சூடும் இல்லை, வீக்கமும் இல்லை.

லாயத்தில் ஒருவர், தினமும் ஏறாவிட்டால் படித்ததை மறந்துவிடும் என்கிறார். இன்னொருவர், ஐந்து வயது வரை முதுகில் ஏறுவதே பாவம் என்கிறார். இரண்டு பேருமே குதிரை தெரிந்தவர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது? இந்த வயதுக்கு எவ்வளவு வேலை சரி?


லாயக்காரர் எழுதியது:

வேலையின் அளவைப் பேசுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள். குதிரைக்கு இரண்டரை வயதிலிருந்து நான்கரை வயது வரை பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் வரும். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நான்கரையில். கடைவாய்ப் பக்கமும் இதே காலத்தில்தான் மாறும். அங்கே பால்பல் முழுதாக விழாமல் புதுப்பல்லின் மேல் மூடி போல ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு. அது ஆடும்போது ஈறு குத்தும். அந்த நேரத்தில் வாயில் இரும்பு போட்டால் எந்தக் குதிரையும் தலையை ஆட்டும். ஒரு பக்கம் மட்டும் தொங்குகிறாள் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் பல்தான் நினைவுக்கு வந்தது. ஓநாய்ப்பல், அதாவது கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு பல், இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சேணம். மூன்றரை வயதில் அளவு பார்த்த சேணம் நான்கு வயதில் அப்படியே பொருந்தாது. தோள் அகலும், முதுகுச் சதை ஏறும். சில மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பல்லுக்கும் முதுகுக்கும் பதில் கிடைக்கும் வரை ஏறாமல் இருங்கள். கையில் பிடித்து நடத்தலாம்.


பழையசேணம் எழுதியது:

லாயக்காரர் சொன்னதை முதலில் செய்யுங்கள். அதோடு வயிற்றுப் புண்ணையும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கும். வெறும் வயிற்றோடு ட்ராட்டும் கேன்டரும் போனால் அந்த அமிலம் மேலே தெறித்து, பாதுகாப்பு இல்லாத பகுதியில் படும். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையைக் கெட்ட குணம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஏறுவதற்கு முன் இரண்டு கை உலர்புல் போடுங்கள். அது வயிற்றில் மிதந்து அமிலம் தெறிக்காமல் காக்கும்.

சரி, இனி உங்கள் கேள்வி. வருடக்கணக்காக இளம் குதிரைகளை முதல் சேணத்திலிருந்து வளர்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது "மூச்சு வாங்குவதே இல்லை" என்ற வரி. நல்ல மனிதர்கள் கூட இளம் குதிரையை அதிகம் வேலை வாங்கிவிடுவது அந்த அறிகுறியை நம்பித்தான். வேலை தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் மூச்சும் தேறிவிடும். சதையும் வேகமாக வரும். தசைநார்களும் மூட்டுகளும் அதைவிட மெதுவாகத்தான் உறுதிப்படும். எலும்பு இன்னும் மெதுவு. எலும்பு புதிய சுமைக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியை அரித்தெடுத்துவிட்டுத்தான் புதியதை நிரப்பும். எனவே பழக்கம் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஒரு கட்டத்தில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். அதே மாதங்களில்தான் குதிரை மூச்சு வாங்காமல், சதை போட்டு, பளபளவென்று நிற்கும். உங்களவள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறாள்.

ஐந்து வயது வரை ஏறவே கூடாது என்றவர் காற்றில் சொல்லவில்லை. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீள்வதற்கான குருத்தெலும்புப் பகுதிகள்) காலின் கீழிருந்து மேலாக மூடிக்கொண்டு வரும். கணுக்கால் மூட்டுக்கு அருகில் உள்ளவை ஒரு வயதுக்குள் மூடிவிடும். முன்னங்கால் முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளது இரண்டு, இரண்டரை வயதில். பின்னங்கால் தொடைமுட்டிப் பக்கம் மூன்று வயதைத் தாண்டும். கடைசியாக முதுகெலும்பு, அது ஐந்து வயதுக்கு மேலும் போகும். உயரமான குதிரைகளுக்கு இன்னும் தாமதம். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து "மூடிவிட்டது, இனி முழு வேலை வாங்கலாம்" என்று சொல்வார்கள். அந்தப் படம் அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நாம் உட்காருவது முதுகில்.

ஆனாலும் ஏறவே கூடாது என்பது என் முடிவல்ல. அளவாகச் சுமை பட்டால்தான் எலும்பு உறுதியாகும். கொட்டிலில் நாள் முழுதும் நிற்கும் இளம் குதிரையின் எலும்பில் கனிமச் சத்து குறையும் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ஐந்து வயது வரை கொட்டிலில் வைத்திருந்துவிட்டு ஐந்தில் ஏறுவதைவிட, மூன்றரையில் லேசாகத் தொடங்கி நாள் முழுதும் வெளியில் விட்டு வளர்ப்பது எனக்கு நிச்சயமாக மேல். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் லிப்பிசானர் இன ஆண்குதிரைகளுக்குப் பயிற்சி தொடங்குவதே ஏறக்குறைய நான்கு வயதில்தான். முதல் கட்டம் முழுவதும் ஆளைச் சுமந்துகொண்டு நேராக முன்னால் போவதுதான் பாடம். உலகமே வியக்கும் வித்தைகளைச் செய்யப்போகிற குதிரைக்கே அவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள்.

மறந்துவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். குதிரை மறப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை பழக்கிய மட்டக்குதிரைகளையும் தினமும் பழக்கியவற்றையும் 1980-இல் ஓர் ஆய்வில் ஒப்பிட்டார்கள். வாரம் ஒருமுறை பழகியவை குறைவான பாடங்களிலேயே கற்றுக்கொண்டன. நான் அந்த ஆய்வைப் படிப்பதற்கு முன்பே என் குதிரைகளிடம் இதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாள் புரியாமல் திணறியதை, இரண்டு நாள் விட்டு வந்ததும் எளிதாகச் செய்யும். தினமும் ஏறும் பழக்கம் பெரும்பாலும் நம் ஆசைக்காகத்தான்.

நான் நான்கு வயதுக் குதிரைக்கு வாரத்தில் மூன்று நாள் ஏறுவேன், அடுத்தடுத்த நாளில் அல்ல. ஒரு முறைக்கு இருபத்தைந்து, முப்பது நிமிடம். அதில் முதல் பத்து நிமிடம் கடிவாளத்தைத் தளர்த்தி நடை மட்டும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் ட்ராட், நடுவில் நடை, மறுபடி ட்ராட். கேன்டர் என்றால் நேர்க்கோட்டில் கொஞ்ச தூரம், அதுவும் தானே சமநிலை பிடித்துக்கொண்டால் மட்டும். வட்டத்தின் குறுக்களவு 20 மீட்டருக்குக் குறையாமல். சிறு வட்டம் இளம் மூட்டுகளுக்கு எவ்வளவு கேடு என்று பலருக்குத் தெரிவதில்லை. உட்பக்கக் கால் கோணலாகச் சுமை வாங்கும். நீளக்கயிற்றில் சுற்றவிடுவதும் அதே கணக்குத்தான். "இன்று ஏறவில்லை, ஓய்வு, அரை மணி சுற்றவிட்டேன்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது ஓய்வு இல்லை, ஏறியதைவிடக் கடுமையான வேலை. சுற்றினால் பதினைந்து நிமிடத்துக்குள், இரு பக்கமும், அதுவும் அன்றைய ஒரே வேலையாக.

மீதி நாட்களில் ஒன்றில் கையில் பிடித்து வெளியே ஒரு நீண்ட நடை. மேடு பள்ளம், ஓடைக்கரை, தரையில் கிடக்கும் கம்புகள் என்று எல்லாவற்றையும் காலால் தெரிந்துகொள்ளட்டும். ஏறும் மூன்று நாளிலும் ஒரு நாளாவது களத்தை விட்டு வெளியே போங்கள். ஒரே மணலில் ஒரே வட்டம் போட்டால் ஒரே தசைநாரில்தான் சுமை விழும். மனமும் சலித்துப்போகும்.

எடையைப் பொறுத்தவரை, 430-க்கு 72 என்றால் 17 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2008-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமை உடல் எடையில் 25, 30 சதவீதமானபோது குதிரைகளின் முதுகுச் சதையில் நோவு கூடியது. 15, 20-இல் அப்படி இல்லை. ஆனால் அவை வளர்ந்த குதிரைகள். உங்கள் எடை பிரச்சினையாகத் தெரியவில்லை, ஆனால் நாற்பது நிமிடத்துக்கு மேல் அந்த எடையோடு வேலை செய்வது நீளம்தான்.

கடைசியாக ஒன்று. அவளைப் பக்கவாட்டில் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். பின்புறம் தோள்மேட்டைவிட (கழுத்து முதுகோடு சேரும் மேடு) உயர்ந்திருந்தால் வளர்ச்சி ஓட்டத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். எடை அதிகமாக முன்னால் விழும், அதனால் கடிவாளத்தில் சாய்வாள். அப்படிப்பட்ட வாரங்களில் நான் ஏறுவதையே பாதியாக்கிவிடுவேன், சில சமயம் மொத்தமாக விட்டுவிடுவேன். பின்புறமும் முன்புறமும் சமமானதும் தொடரலாம்.


ஓட்டக்களம் எழுதியது:

பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு விஷயத்தில் மட்டும் இல்லை. மெதுவாக, மெதுவாக என்று மட்டும் சொன்னால் எலும்பு வலுக்காது. பந்தயக் குதிரைகளுக்குக் காலைநேரப் பயிற்சி கொடுப்பவன் நான். மைல் கணக்கில் மெதுவாக ஓடிய குதிரைக்கு வேகம் கொடுத்த முதல் மாதத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் முன்பக்கம் வலி கண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எலும்பு அது அறிந்த சுமைக்குத்தான் தயாராகும். வாரத்தில் ஒன்றிரண்டு முறை, நன்றாக உடல் சூடான பிறகு, நல்ல தரையில், நேர்க்கோட்டில், கொஞ்ச தூரம் வேகமாகப் போகவிடுவது இளம் எலும்புக்கு நன்மையே செய்யும். நீண்ட ட்ராட்டைவிட அது எவ்வளவோ மேல்.


பழையசேணம் எழுதியது:

ஓட்டக்களம் சொல்வது உண்மை. கொஞ்ச தூர வேகம் எலும்பைக் கட்டும், நெடுநேர ஒரே வேகம் மூட்டைத் தேய்க்கும். நான் அந்த வேகத்தைக் குதிரையிடமே விட்டுவிடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய மேய்ச்சல் வெளியில் வேறு இளம் குதிரைகளோடு விட்டால் ஒரு நாளில் பலமுறை தானாகவே பாய்ந்து ஓடி நிற்கும், முதுகில் சுமை இல்லாமல். அப்படி வெளி கிடைக்காதவர்கள் ஓட்டக்களம் சொன்னபடி செய்யலாம். இந்தக் குதிரைக்கு இப்போது வேண்டாம், முதலில் வலி எங்கே என்று தெரியட்டும்.


நெடுந்தூரம் எழுதியது:

நீண்டதூரச் சவாரிக்காரனாக ஒரு சின்னக் குறிப்பு. நாடித்துடிப்பை எழுதி வையுங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. லேசான வேலை முடிந்து பத்து நிமிடம் நடத்திய பிறகு 60-க்குக் கீழே வராவிட்டால் அன்றைய வேலை அதிகம், அல்லது எங்கோ வலி இருக்கிறது. நொண்டாத குதிரையிலும் வலி முதலில் நாடியில் தெரிவதுண்டு. வழக்கமாக 36 இருக்கும் குதிரை ஒரு காலையில் 46 காட்டினால் நான் அன்று சேணத்தைத் தொடமாட்டேன்.

பழையசேணம் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். நாடி சீக்கிரம் இறங்குகிறது என்பதற்காகக் கால் தயார் என்று நினைக்கக் கூடாது. 160 கிலோமீட்டர் சர்வதேசப் போட்டிக்குக் குதிரைக்கு எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆறு வயதில் இதயம் அந்தத் தூரத்துக்குத் தயாராகிவிடலாம், கால் ஆகாது.


வெள்ளைப்பொட்டு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் வந்து பார்த்தார். இடப்பக்கக் கீழ்த்தாடையில் ஒரு பால்பல் பாதி பெயர்ந்து ஈற்றைக் குத்திக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டார். சேணம் தோளுக்குப் பின்னால் இரு பக்கமும் இறுக்கியிருக்கிறது, விரலால் அழுத்தினால் முதுகைத் தாழ்த்துகிறாள். வயிற்றுக்கு ஒரு மாத மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். ஏறுவதை நிறுத்திவிட்டேன். பின்புறம் தோள்மேட்டைவிட இரண்டு விரல் உயரமாகத்தான் இருக்கிறது!

பழையசேணம் அக்கா, இப்போது பகல் முழுதும் இன்னொரு குதிரையோடு வெளியில்தான் இருக்கிறாள். மருந்து முடிந்து திரும்ப ஏறும்போது எங்கிருந்து தொடங்குவது? ஒரு மாதம் விட்டால் உடல் தளர்ந்துவிடாதா? அப்புறம், வேலை அதிகமாகிவிட்டது என்று அடுத்த முறை நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? நொண்டும் வரை காத்திருக்க எனக்கு மனமில்லை.


பழையசேணம் எழுதியது:

பல் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு மாதத்தில் பெரிதாக எதுவும் இழக்கமாட்டாள், அதிலும் நாள் முழுதும் வெளியில் நடமாடுகிறவள். பயப்படாதீர்கள். இந்த வயதில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இடையிடையே விடுமுறை கொடுப்பதை நான் எல்லாக் குதிரைக்கும் செய்கிறேன். திரும்பி வரும்போது அகலமாகி, அமைதியாகி வருவார்கள்.

திரும்பத் தொடங்கும்போது முதல் வாரம் சேணம் இல்லாமல் கையில் பிடித்து நடை. இரண்டாவது வாரம் சரிசெய்த சேணத்தோடு அதே நடை. அதில் காதை மடக்கினால் அங்கேயே நின்று மருத்துவரைக் கூப்பிடுங்கள். மடக்காவிட்டால் மூன்றாவது வாரம் ஏறி, இருபது நிமிடம் நடை மட்டும், வெளியில். ட்ராட் அதற்கு அடுத்த வாரம், ஓரிரு நிமிடத் துண்டுகளாக. நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். நேரம் கூடினால் வேகம் அப்படியே இருக்கட்டும். கேன்டரைப் பின்புறமும் தோள்மேடும் சமமான பிறகு நினைக்கலாம். வாயில் இரும்பு இல்லாத கடிவாளம் இருந்தால் முதல் மாதம் அதையே போடுங்கள். ஈறு முழுதாக ஆறட்டும்.

எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பதற்கு என் பதில், மறுநாள் காலை. வேலை முடிந்த நேரத்தில் குதிரை உடம்பு சூட்டில் இருக்கும், உங்களை மகிழ்விக்கவும் பார்க்கும், அப்போது எதுவும் தெரியாது. மறுநாள் காலை தீனி போடும் முன் முதலில் தொட்டியைப் பாருங்கள், இரவுத் தீனியில் மிச்சம் இருக்கிறதா என்று. பிறகு கொட்டிலிலிருந்து வரும் முதல் பத்து அடியைப் பாருங்கள், கால் நீட்டி வருகிறாளா, கட்டி வருகிறாளா. நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். ஒரு காலை மற்றக் காலோடு ஒப்பிட்டால்தான் சூடு தெரியும். முன்னங்காலின் உட்பக்கம், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே விரலை ஓட்டுங்கள். அந்த இடத்தில் புதிதாக ஒரு புடைப்பு எழும்பி, தொட்டால் காலை இழுத்தாள் என்றால் பெரிய எலும்பை ஒட்டியுள்ள மெல்லிய பக்க எலும்பு நோகிறது. இந்த வயதில் சகஜம், ஆனால் ஏறுவதை நிறுத்த வேண்டிய சமிக்ஞை. கணுக்கால் மூட்டுக்குப் பின்னால் மெத்தென்ற உப்பல் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதுகின் இரு பக்கமும் விரல் நுனியால் ஒரே அழுத்தத்தில் தடவிக்கொண்டு போங்கள்.

ரோமத்தில் வைக்கோல் தூசி ஒட்டியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும். நோவுள்ள குதிரை படுக்கத் தயங்கும். இரண்டு மூன்று நாள் தூசியே இல்லாவிட்டால் எனக்குக் கவலை வந்துவிடும்.

இவற்றோடு, நீங்கள் தலைக்கயிற்றோடு போகும்போது முன்னால் வருகிறாளா, விலகிப் போகிறாளா என்பதையும் தினமும் ஒரு வரியாக எழுதி வையுங்கள். இதில் ஏதாவது ஒன்று மாறினால் அந்த நாள் வெறும் நடை. இரண்டு மாறினால் அந்த வாரமே ஓய்வு. என் லாயத்தில் வேலையின் அளவை இந்த நோட்டுப்புத்தகம்தான் முடிவு செய்கிறது, நாள்காட்டி இல்லை.

சேணத்தைச் சரிசெய்பவர் வரும்போது முதுகின் வடிவத்தை ஒரு வளையும் கம்பியால் அளந்து தாளில் வரைந்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் அளந்து மேலே வைத்துப் பார்த்தால் எவ்வளவு மாறியிருக்கிறாள் என்று தெரியும். மருந்து முடிந்ததும் மறுபடி எழுதுங்கள், சேணம் பூட்டும்போது காது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் சொல்லுங்கள்.